மெத்தைக்கடையில் ஓர் அசுரன்

அன்வர் பாய் இலவம்பஞ்சு மூட்டையின் மேல் ஏறி நின்று, துணி அளக்கும் மர ஸ்கேலை வாளாகப் பிடித்துக்கொண்டு, "மூவுலகும் என் காலடியில் விழுந்து கதறும்!" என்று கர்ஜித்த அதே நொடியில், கடை வாசலில் ஒரு ஜெர்மன் பெண்மணி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

பாய் அசரவில்லை. வாளைக் கீழே இறக்கி ஸ்கேலாக்கி, "வெல்கம் மேடம், சிங்கிளா டபுளா?" என்றார். அந்த அம்மாளுக்கு ஓடிப்போகத்தான் ஆசை. முதுகுவலி விடவில்லை. சிங்கிள் ஒன்று வாங்கினார். போகும்போது, இவரும் அப்படித்தானோ என்பதுபோல என்னை ஒருமுறை பார்த்தார். நான் மூலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் ஓர் அசுரனின் வாயையே உற்றுப் பார்த்து, எனக்கு நானே உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். ஆமாம் அம்மா, நானும் அப்படித்தான்.

"ரைட்டரே, 'கதறும்' ஒட்டல," என்றார் பாய், மூட்டையிலிருந்து இறங்கிக்கொண்டே. "அவன் கடைசில வாயத் தொறந்தே வச்சிருக்கான். நீங்க இன்னா, மூட வைக்கறீங்க. 'கதறுதடா'ன்னு போடுங்க."

போட்டேன். கச்சிதமாக ஒட்டியது. அந்த வாரம் மூவுலகும் அப்படித்தான் கதறியது.

துறவுக்கு முதல் தேவை

சில வாரம் முன்பு இந்தப் பத்திரிகைத் தொடரில் என் பல் மருத்துவரைப் பற்றி எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டார். இப்போதெல்லாம் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தன் வாயை மூடிக்கொள்கிறார். இந்தத் தொடர் முடிவதற்குள் இந்த ஊரில் எனக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று தெரியவில்லை. இந்த வாரத்து மனிதரைப் பொறுத்தவரை அந்தக் கவலை இல்லை. அவரை முன்பே இழந்தாயிற்று.

சில வருடங்களுக்கு முன்னால் சென்னையை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தேன். அமைதி தேடி வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். இங்கே அமைதி தேடி வந்தவர்கள் அதிகமாகி, அவர்கள் ஆட்டோவுக்குப் பேரம் பேசும் சத்தத்தில் தூங்க முடிவதில்லை. என் மனைவி பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். நாங்கள் பிரியவில்லை, ஊர்தான் வேறு வேறு என்று விசாரிப்பவர்களிடம் இருவருமே சொல்கிறோம். விசாரிப்பவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாடி அறை கிடைத்தது. கீழே அன்வர் பாயின் மெத்தைக்கடை. பஞ்சு, ஃபோம், தேங்காய் நார் எல்லாம் உண்டு. முதல் நாள் தலையணை வாங்க இறங்கினேன்.

"ஆசிரமத்துக்கு வந்தீங்களா?"

"இல்லைங்க. எழுத வந்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நாளெல்லாம் ஒரே எடத்துல உக்காரணும், முதுகு போயிடும்," என்று சொல்லிவிட்டு, என் கழுத்தைக் கையால் அளந்து பார்த்துத் தலையணை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு 'ரைட்டரே'. அவர் எனக்கு 'பாய்'.

அவர் கடையில் உட்கார்ந்துதான் ஒன்று புரிந்தது. உலகத்தைத் துறந்து வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வாங்குவது மெத்தை. இரண்டாவது கொசுவலை. கடவுளுக்கு வரிசையில் மூன்றாவது இடம் கிடைத்தால் உண்டு.

பௌர்ணமியன்று மலையைச் சுற்றிவிட்டுக் கால் ஓய்ந்து கடை வாசலில் உட்காருபவர்களைப் பாய் எழுப்பவே மாட்டார். "எழுந்து போன்னு சொல்ல நான் யாரு? அவங்க சாமி என் கொல்லைல நிக்கறாரு," என்பார். மெத்தையின் மேல் உட்கார்ந்தால் மட்டும் எழுப்பிவிடுவார்.

எனக்குப் பக்தி உண்டா என்றால், உண்டு. ஆனால் பல வருடம் போகாமல் விட்ட உறவினர் வீட்டைப் போல, கோயில் வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் வேகமாக நடப்பேன்.

வாய்க்கு வார்த்தை

அப்போது எனக்குச் சோறு போட்டது ஒரு தொலைக்காட்சித் தொடர். இந்தியில் எடுத்தது. புராணம் மாதிரி இருக்கும், ஆனால் எந்தப் புராணத்திலும் இருக்காது. தலைப்பில் 'மகா' உண்டு. பறக்கும் நாகம், பேசும் வில், ஆளுக்கொரு கிரீடம். அதற்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. நகைச்சுவை எழுத்தாளனுக்கு அசுரர்கள் வாயில் வேலை கிடைத்ததை என் வளர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

இதை மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அர்த்தம் வந்தால் போதாது. இந்தி நடிகர் எப்போது வாயைத் திறக்கிறாரோ அப்போது தமிழும் திறக்க வேண்டும். அவர் உதட்டை மூடும் இடத்தில் நம் சொல்லில் ஒரு 'ம'வோ 'ப'வோ விழ வேண்டும். தத்துவம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உதடு ஒட்டவில்லை என்றால் சென்னை ஸ்டுடியோவிலிருந்து பிரகாஷ் திருப்பி அனுப்பிவிடுவார்.

பாய் இதற்குள் வந்தது அவருடைய விரலால். தொழுகை முடிந்ததும் விரல் கணுக்களில் எண்ணி எண்ணி ஓதுகிற பழக்கம் அவருக்கு. கட்டை விரல் கணுவுக்குக் கணு தாவுகிற வேகத்தில் கண் பிசகும். ஒரு மத்தியானம் நான் நான்காவது முறையாக எண்ணித் தவறவிட்டபோது, "இன்னொரு தபா ஓட விடுங்க," என்றார். ஓட விட்டேன். கட்டை விரல் ஓடியது. "இருவத்தொண்ணு. ஏழாவதுலயும் கடைசிலயும் வாய் மூடறான்."

சரியாக இருபத்தொன்று.

அதன் பிறகு மத்தியானம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, வாடிக்கையாளர் வராத நேரம், நாங்கள் இருவரும் மூவுலகையும் ஆண்டோம். தேநீரில் பஞ்சு மிதக்கும். அதை ஊதி ஒதுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். எழுதிய ஒவ்வொரு வரியையும் பாய் உரக்கச் சொல்லிப் பார்ப்பார். அவர் வாயில் நிற்காத வரி எங்கேயும் நிற்காது. வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போகிற நேரத்தில் நான் கடையைப் பார்த்துக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமை குழந்தைத் தொட்டில் மெத்தையை ஆறடி ஆசாமிக்கு விற்றுவிட்டேன். அவர் திருப்பிக் கொண்டுவரவில்லை. தவத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார்.

சேர்ந்து சாப்பிடாத நண்பர்கள்

தொடரின் உயிர் ஒரு நட்பு. ரிஷிகுமாரன் சுமேதன் நெருப்பை வணங்குகிறவன். அசுரன் கராளன் ஆற்றை வணங்குகிறவன். இரு குலங்களுக்கும் ஆதிகாலப் பகை. இவர்கள் மட்டும் நண்பர்கள். 'உன் தெய்வத்தின் முன் என்னைக் குனியச் சொல்லாதே, என் தெய்வத்தின் முன் உன்னைக் குனியச் சொல்ல மாட்டேன்' என்று முதல் வாரமே சத்தியம் செய்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகு வாரம் ஒரு சத்தியம்.

பாய்க்குக் கராளன் மேல் தனிப் பிரியம். ஆனால் ஒரு குறை.

"ரெண்டு பேரும் சிநேகிதனுங்கன்றீங்க. இத்தன வாரமா பாக்கறேன், ஒரு நாளாச்சும் சேந்து சாப்பிட்டானுங்களா?"

"சத்தியம் பண்றாங்களே பாய்."

"சத்தியம் எதுக்குப் பண்றான்? நம்பிக்க கம்மின்னுதான் பண்றான். பசிக்குதுடான்னு சொல்றவன்தான் சிநேகிதன். நீங்க ஒரு வரி சேத்து எழுதுங்க, 'வா, சாப்டுட்டுப் போ'ன்னு."

"படத்துல இலையே இல்லையே பாய். வாள்தான் இருக்கு."

"அப்ப வெளங்கிடும்," என்றார்.

நிறையப் படித்தவன் நான். நட்பைப் பற்றிக் காவியங்களில் உள்ளதையெல்லாம் படித்திருக்கிறேன். அங்கே நண்பர்கள் கவசம் தருகிறார்கள், ராஜ்ஜியம் தருகிறார்கள், உயிர் தருகிறார்கள். யாரும் இன்னொருவன் வீட்டுக்குப் போய் ஏணி கேட்பதில்லை. நானும் பாயும் எந்தச் சத்தியமும் செய்துகொண்டதில்லை. அவர் மனைவி ஜைபுன் இருந்தவரை, மத்தியானச் சாப்பாடு பின்கட்டிலிருந்து இரண்டு தட்டில் வரும். என் தட்டில் காரம் கம்மியாக இருக்கும். நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த அம்மாளாகவே கண்டுபிடித்தது.

மழை பெய்த மத்தியானம்

ஜைபுன் இறந்தது திடீரென்று. அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் கை ஏந்தியபோது என் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல நின்றேன்.

பாய் கலங்கவே இல்லை. கலங்கவில்லை என்று ஊரே சொன்னது. ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முதல் வரிசை. மகள் ரிஸ்வானா வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்தவள். அவள்தான் அழுது ஓய்ந்துபோனாள். "எங்கத்தாவப் பாத்துத்தான் நான் எழுந்து நிக்கறேன்," என்று அப்பாவைக் காட்டி என்னிடமே சொன்னாள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மலை தெரியவில்லை. பஞ்சு ஈரமாகும் என்று பாய் முன்பக்க ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே கோணி வாசனை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். வசனம் எதுவும் ஓடவில்லை.

"ஒண்ணு சொல்றேன் ரைட்டரே. யாருகிட்டயும் சொன்னதில்ல," என்று ஆரம்பித்தார். "அவ போன பொறவு நாப்பது நாள் நான் தொழவே இல்ல."

"நீங்கதான் முதல் வரிசையில..."

"நின்னேன். குனிஞ்சேன். எழுந்தேன். ஒதடு அசையும். உள்ள ஒரு வார்த்த கெடையாது. அவனோட பேச்ச நிறுத்திட்டேன். நம்பிக்க போச்சுன்னு நெனைக்காதீங்க. நம்பிக்க இல்லாதவன் எதுக்குக் கோச்சுக்கறான்? நீ கேக்கறேன்னு தெரியும். அதனாலதான் பேசல. அப்படி இருந்தேன்."

மழை விட்டதும் ஷட்டரை ஏற்றினார். மலை கழுவிவிட்டதுபோல நின்றது. நான் மாடிக்குப் போனேன். பெருமைக்குரிய ஒரு தகவல்: அன்றைக்கு நான் அதைக் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்தேன், மூடிவிட்டேன். எழுத்தாளன் ஒருவன் செய்யக்கூடிய உச்சபட்சத் தியாகம் அது என்று அப்போது நினைத்தேன்.

குறித்துக்கொள்ளாததால் மறந்துவிடும் என்று யார் சொன்னது?

பதினேழு அசைவு

அடுத்த வருடம் தொடரில் கராளனின் மனைவி இறந்தாள். கராளன் ஆற்றங்கரையில் தன் தெய்வத்தின் முன் நிற்கிறான். இந்தியில் வழக்கமான சபதம்தான், உலகை அழிப்பேன் என்று. ஆனால் அந்த நடிகர் ஏனோ அன்றைக்கு நன்றாக நடித்துவிட்டார். கத்தவில்லை. மெதுவாக, இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தின் முடிவில் உதடு மூடுகிறது. இரண்டாவதன் நடுவில் ஒருமுறை மூடுகிறது. மொத்தம் பதினேழு அசைவு.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அழிப்பேன், ஒழிப்பேன், எரிப்பேன். எதுவும் அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை. பாய் ஊரில் இல்லை, வாணியம்பாடிக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை கை தானாக எழுதியது.

'நீ கேட்கிறாய் என்று தெரியும். அதனால்தான் பேசவில்லை.'

ஓட விட்டேன். ஒன்பதும் எட்டும் பதினேழு. 'தெரியும்' முடிகிற இடத்தில் உதடு மூடியது. 'பேசவில்லை'யின் 'பே' விழுகிற இடத்தில் உதடு மூடியது. அந்த நடிகர் தமிழிலேயே பேசியதுபோல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுத்தாளனுக்குச் சிலிர்க்கும்போது பக்கத்தில் யாராவது ஒருவர் இருந்து அவன் கையைப் பிடிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரகாஷுக்கு அனுப்ப ஒரு நாள் மீதம் இருந்தபோதே பாய் திரும்பிவிட்டார். வழக்கம்போலக் கீழே இறங்கி வாசித்துக் காட்டியிருக்கலாம். முதுகு வலிக்கிறது என்று மாடியிலேயே இருந்துவிட்டேன். மெத்தைக்கடைக்காரரிடம் சொல்லக்கூடிய காரணமா அது? அவர் முதுகுக்குத் தடவத் தைலம் கொடுத்து அனுப்பினார்.

ஒளிபரப்பான அன்று, எப்போதும்போலச் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையில் இருவரும் உட்கார்ந்தோம். தலையணை அடுக்குக்கு மேலே சின்ன டிவி. ஆறு வந்தது. கராளன் வந்தான். இரண்டு வாக்கியமும் வந்தன.

பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இருந்த அளவு டேப்பைச் சுருட்டினார். பிரித்தார். மறுபடி சுருட்டினார்.

"நல்லா ஒட்டுது," என்றார்.

பிறகு தொழுகைக்கு நேரமாகிறது என்று எழுந்து கடையைச் சாத்தினார். மறுநாள் இரண்டு மணிக்கு நான் இறங்கியபோது, "வாங்க சார்," என்றார்.

கொம்புக்கு ஒரு மன்னிப்பு

அந்த இரண்டு வாக்கியம் தொடரைவிட அதிக நாள் ஓடியது. சோகமான வயலின் பின்னணியில் ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைத்தார்கள். காதலில் தோற்றவர்கள் வைத்தார்கள். பரீட்சையில் தோற்றவர்களும் வைத்தார்கள். தேநீர்க்கடையில் நிற்கும்போது பக்கத்து ஆளின் போனிலிருந்து கராளன் பேசுவான். பிரகாஷ் போன் செய்து, "சார், பிச்சிட்டீங்க," என்றார். என் வாழ்க்கையிலேயே புகழ்பெற்ற இரண்டு வரி. இரண்டும் என்னுடையவை அல்ல.

பாயின் 'சார்' எனக்கு உறைத்துக்கொண்டே இருந்தது. காரணத்தை ஆராய்ந்தேன். இங்கேதான் நிறையப் படித்தவன் செய்கிற தவறைச் செய்தேன். அவர் முஸ்லிம். அவர் தொழுகையில் பட்ட வேதனையை, ஆற்றைக் கும்பிடுகிற, தலையில் இரண்டு கொம்பு வைத்த ஓர் அசுரனின் வாயில் போட்டிருக்கிறேன். மதம் புண்பட்டிருக்கிறது! இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இரண்டு நாள் தயாரித்தேன். எல்லா மதங்களும் மௌனத்தை எப்படிப் பார்க்கின்றன என்று அலமாரியில் இருந்ததையெல்லாம் புரட்டினேன். ஒரு பெட்டி மக்கன் பேடா இனிப்பு வாங்கிக்கொண்டேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கீழே இறங்கிப் பேச ஆரம்பித்தேன்.

"பாய், கராளன் அசுரன்னாலும் நல்லவன். கொம்பு வெளித்தோற்றம்தான். உங்க மார்க்கத்தை ஒருக்காலும் நான் கொறச்சு நினைச்சதில்ல. பார்க்கப்போனா, எல்லா வழிபாடும் உள்ளுக்குள்ள..."

பாய் மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். நீள ஊசியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் இழுத்தார். நான் மூன்றாவது மதத்துக்கு வந்தபோது கை காட்டி நிறுத்தினார்.

"இன்னா சார் இது, கொம்புக்கா மன்னிப்பு கேக்கறீங்க? கொம்பு நல்லாத்தானே இருந்துது."

நான் பேடா பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவன் அசுரன், ஆத்தக் கும்பிடறான், அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. இத்தன வருஷம் அவனுக்காவ மூட்ட மேல ஏறி நின்னு கத்துனவன் நான். எனக்கும் மேல இருக்கறவனுக்கும் நடுவுல ஒரு பேச்சு இருந்துது. அந்த எடத்துல உங்கள ஒருத்தர உட்டேன். ஒருத்தரத்தான். நீங்க ஊரக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

"யாருக்கும் தெரியாதே பாய், அது உங்களோடதுன்னு."

அவர் போனை எடுத்து நீட்டினார். ரிஸ்வானாவின் ஸ்டேட்டஸ். ஜைபுன் சிரிக்கிற பழைய போட்டோ. அதன் மேல் கராளனின் குரல். அன்று ஜைபுனின் நினைவு நாள்.

"காலைல போன் பண்றா. 'அத்தா, இதப் பாத்தீங்களா, எனக்காகவே எழுதுன மாரி இருக்குது'ன்றா. புருஷன் வூட்ல போயி, எங்கத்தா அந்த நாப்பது நாள்ல ஒரு வேள உடாம தொழுதாருன்னு பெருமையா சொல்லிட்டுத் திரியறவ அவ. நான் இன்னான்னு சொல்றது? நல்லாருக்கும்மான்னேன்."

ஊசியை மறுபடி குத்தினார்.

"சொல்றதா இருந்தா நான்தான் சொல்லியிருக்கணும் சார். என் வாயால."

மக்கன் பேடா பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஆற்றின் சத்தம்

தொடரின் முடிவில் கராளன் சாகிறான். சுமேதனின் மடியில் தலை. கண் ஆற்றைப் பார்க்கிறது. உதடு அசைகிறது. "சார், அந்த லைன் இங்க திரும்ப வரணும். சேனல்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க," என்றார் பிரகாஷ்.

நான் எழுதி அனுப்பியது ஒரே வரி: குரல் வேண்டாம், ஆற்றின் சத்தம் மட்டும்.

"உதடு அசையுதே சார்!"

"அசையட்டும்."

வேறு யாரையோ வைத்து அந்த இரண்டு வாக்கியத்தையும் போட்டு முடித்தார்கள். வாக்கியம் ஏற்கெனவே இருந்ததால் அவருக்கு வேலை சுலபம். எனக்கு அடுத்த தொடர் வரவில்லை. இப்போது ஒரு சிறுவர் நிகழ்ச்சியில் பேசும் நரிக்கு வசனம் எழுதுகிறேன். நரிக்கு உதடு பெரிய பிரச்சினை இல்லை, எதைச் சொன்னாலும் ஒட்டுகிறது. நான் மறுத்ததைப் பாயிடம் சொல்லவில்லை. தியாகம் செய்த அன்றே அதைப் போய்ச் சொல்லி நிற்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

அறையை மட்டும் மாற்றிக்கொண்டேன். இரண்டு தெரு தள்ளி. ஆனால் பேங்குக்கோ பஸ்ஸுக்கோ போக அவர் கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டாமல் போக விரும்பினால் மலையைச் சுற்றி வர வேண்டும். இரண்டு முறை அப்படியும் போயிருக்கிறேன். பார்த்தவர்கள் எனக்குப் பக்தி வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

மத்தியானம் இரண்டு மணிதான் சிரமம். நரியின் வரிகளை நானே உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். நானே எண்ணுகிறேன். நானே தலையாட்டுகிறேன். தேநீரில் எதுவும் மிதப்பதில்லை.

கேட்டுவிட்டு எழுதுவது

இந்த அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டு மூன்று வாரம் வைத்திருந்தேன். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாய் ஒரு தலையணையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். தாடி இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

"வாங்க சார். தலையணையா?"

"இல்ல பாய். உங்களப் பத்தி எழுதியிருக்கேன். வாசிக்கறேன். வேணாம்னா கிழிச்சுடறேன்."

"இப்ப மட்டும் எதுக்குக் கேக்கறீங்க?"

"அப்ப கேக்கல. அதான்."

அவர் தையலைத் தொடர்ந்தார். வாசித்தேன். ஜெர்மன் பெண்மணி இடத்தில் மூக்கால் சிரித்தார். மழை பெய்த மத்தியானத்தில் தையலை நிறுத்தினார். அந்த நாற்பது நாள் வந்தபோது எனக்குக் குரல் இறங்கிவிட்டது. "சத்தமா படிங்க," என்றார். ஆற்றின் சத்தம் வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

முடித்தேன். ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"போட்டுக்கங்க," என்றார். "பொண்ணுகிட்ட நானே சொல்லிட்டேன், போன நோன்புல. எல்லாத்தையும்."

"இன்னா சொன்னாங்க?"

"அழுதா. அப்புறம் சிரிச்சா. 'அம்மா இருந்திருந்தா உங்களுக்கும் மேல இருக்கறவனுக்கும் நடுவுல சமாதானம் பேசியிருக்கும் அத்தா'ன்னா." கொஞ்சம் சிரித்தார். "நெஜந்தான். பேசியிருப்பா."

இவ்வளவு நாளில் எனக்குத் தோன்றாத ஒரு கேள்வி அப்போதுதான் தோன்றியது. அந்த மழையிலேயே கேட்டிருக்க வேண்டியது. இரண்டு வாக்கியம் கிடைத்ததும் எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது.

"பாய், நாப்பத்தோராவது நாள் திரும்பப் பேசுனீங்களே, மொதல்ல இன்னா சொன்னீங்க?"

ஊசி நின்றது. என்னைப் பார்த்தார். கோபமில்லை. முன்பெல்லாம் அவர் இப்படிப் பார்த்தால் அடுத்து ஒரு கதை வரும். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வேன். இப்போதும் என் கை பழக்கத்தில் ஸ்டூலைத் தேடியது.

"அது என்கிட்டயே இருந்துட்டுப் போவட்டும் சார்," என்றார்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலையணையை இரண்டு தட்டு தட்டி, அடுக்கின் மேல் வைத்தார்.